கெய்ரோவின் நைலில் ஃபெலுக்கா பயணம்: ஒரு மதிப்புரை

கெய்ரோவுக்குச் செல்பவர்கள் பிரமிடுகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதையாவது ஆற்றுக்கு ஒதுக்க வேண்டும். அந்த மாலையை இயந்திரம் இல்லாத பாய்மரப் படகான ஃபெலுக்காவில் கழிக்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இந்தச் சேவையில் குறைகள் பல உண்டு, அவற்றை மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்துவிட்டு, இது வேண்டாத அலைச்சல் என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. அந்த நகரத்தில் பணம் கொடுத்துப் பெறக்கூடிய அனுபவங்களில், கொடுத்த பணத்துக்கு மிஞ்சிய பலனைத் தருவது இதுதான் என்பது என் கருத்து.

ஆற்றங்கரை நகரத்தில் ஆற்றைப் பார்க்கப் படகு எதற்கு என்று கேட்கலாம். கெய்ரோவில் ஓரிரு நாள் நடந்து பார்த்தாலே விடை கிடைத்துவிடும். கிழக்குக் கரை நெடுகிலும் கோர்னிஷ் என்னும் கரையோரச் சாலை செல்கிறது. ஆனால் அந்தச் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே நட்சத்திர விடுதிகளின் தோட்டங்களும், தொழிற்சங்கங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் சொந்தமான மனமகிழ் மன்றங்களும், நிரந்தரமாகக் கட்டிப்போடப்பட்ட மிதக்கும் உணவகங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. நடந்து செல்பவருக்கு ஆறு தெரிவது மதில்களுக்கும் பெயர்ப் பலகைகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில்தான். அண்மை ஆண்டுகளில் அரசு கட்டிய மம்ஷா அஹ்ல் மஸ்ர் என்ற நடைபாதை தண்ணீரை ஒட்டி அமைந்திருக்கிறது, நன்றாகவும் பராமரிக்கப்படுகிறது. ஆனால் அதன் கீழ்த்தளத்துக்குக் கட்டணம் உண்டு. அங்கும் உணவகங்களின் வரிசைதான் கண்ணில் படுகிறது. கிட்கேட் பகுதியில் பல தலைமுறைகளாக மக்கள் குடியிருந்த படகு வீடுகள் 2022ஆம் ஆண்டு கோடையில் அகற்றப்பட்டன. ஆற்றோடு ஒட்டி வாழ்வதற்கு அந்நகரத்தில் மிச்சமிருந்த வழிகளில் ஒன்று அத்தோடு போயிற்று. இந்த நிலையில் சாதாரண மனிதர் ஒருவர் ஆற்றின் நடுவே, யாருடைய மதிலும் மறைக்காத இடத்தில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க முடிகிற இடம் ஃபெலுக்காதான். கெய்ரோவாசிகளே குடும்பத்தோடும் நண்பர்களோடும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து ஏறுவதற்கு அதுவே காரணம். இதைச் சுற்றுலாப் பயணிகளுக்காக மட்டும் நடத்தப்படும் காட்சி என்று நினைத்தால் தவறு.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபெலுக்கா அகலமான, தட்டையான அடிப்பாகம் கொண்டது. முன்பு முழுக்க மரத்தால் ஆனது. இன்று கெய்ரோவில் ஓடுபவற்றில் இரும்புத் தகட்டால் ஆன உடல் கொண்டவையும் பல உண்டு. உள்ளே இரு பக்கமும் மெத்தை விரித்த நீண்ட இருக்கைகள், நடுவில் ஒரு மேசை, பின்புறத்தில் நீண்ட சுக்கான் கட்டையைப் பிடித்தபடி படகோட்டி. அவரை அங்கே ‘ரய்யிஸ்’ என்று மரியாதையாக அழைக்கிறார்கள், நீங்களும் அப்படியே அழைப்பது நல்லது. பாய்மரம் குட்டையானது, அதன் உச்சியிலிருந்து சாய்வாக வானை நோக்கி நீளும் பருமல் என்னும் நீண்ட கழிதான் படகுக்கு உயரத்தைத் தருகிறது. அந்தப் பருமலில் முக்கோண வடிவப் பாய் கட்டப்பட்டிருக்கும். பாயை அவிழ்ப்பதற்கு ஓர் இளைஞர் வெறுங்காலுடன் பருமலின் மீது ஏறி, கட்டியிருக்கும் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே மேலே போவதைச் சில படகுகளில் காணலாம். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் துணி ஒரு முறை படபடத்து, பின் காற்றை வாங்கி விறைக்கிறது. படகு சத்தமே இல்லாமல் துறையை விட்டு நகர்கிறது. வாகனங்களின் ஒலிப்பான்கள் ஓயாத அந்த நகரத்தில் சில நிமிடங்களுக்குள் காதில் விழுவது படகின் முன்பகுதியில் தண்ணீர் மோதும் ஓசை மட்டுமே. முதன்முறையாக ஏறுபவர்கள் இந்த மாற்றத்துக்குத் தயாராக இருப்பதில்லை.

இந்தப் படகு இங்கே ஏன் நிலைத்தது என்பதை ஆற்றின் போக்கே விளக்குகிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே, மத்தியதரைக் கடலை நோக்கி ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றோ வடக்கிலிருந்து, அதே கடலின் பக்கமிருந்து வீசுகிறது. ஆகவே எதிர்நீரோட்டத்தில் தெற்கே போகக் காற்று தள்ளிவிடும். வடக்கே திரும்ப நீரோட்டமே இழுத்துவரும். போகவும் வரவும் இயற்கையே ஏற்பாடு செய்து கொடுத்த நீர்வழி உலகில் அதிகம் இல்லை. பண்டைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் தெற்கே செல்வதற்குப் பாய் விரித்த படகும், வடக்கே செல்வதற்குப் பாயில்லாத படகும் அடையாளமாக வரையப்பட்டன. நம் படகும் அதே முறையில்தான் போகிறது. முதலில் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு தெற்கே ஏறுகிறோம். திரும்பும்போது ரய்யிஸ் பெரும்பாலும் நீரோட்டத்தை நம்பி, காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாகப் படகைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாய் பக்கம் மாறும். எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எப்போது தலையைத் தாழ்த்த வேண்டும் என்பதை அவர் கையசைத்துக் காட்டுவார். ஒரு முறை அவர் சுக்கானைப் பிடிக்க என்னை அழைத்தபோது, கையில் அந்தக் கட்டை அதிர்ந்துகொண்டே இருந்ததை உணர்ந்தேன். ஆறு எவ்வளவு விசையோடு ஓடுகிறது என்பது கரையிலிருந்து பார்க்கையில் புரியாது, அந்த அதிர்வில் புரிந்தது.

எங்கே ஏறுவது என்பதில்தான் பயணத்தின் தரம் பெரிதும் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான பயணிகள் ஏறுவது நகரின் மையத்தில், கார்டன் சிட்டிப் பகுதியில் பெரிய விடுதிகளுக்கு எதிரே உள்ள துறைகளில். இங்கே காட்சிக்குக் குறைவில்லை. வடக்கே கஸ்ர் அல்-நீல் பாலம் தெரிகிறது. 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக 1933இல் திறக்கப்பட்டது இது. இதன் இரு முனைகளிலும் காவல் இருக்கும் 4 வெண்கலச் சிங்கங்கள் பிரெஞ்சுச் சிற்பி ஜாக்மார் பழைய பாலத்துக்காகச் செய்தவை. 2011 மக்கள் எழுச்சியின்போது, ஜனவரி 28 அன்று, தஹ்ரீர் சதுக்கத்துக்குச் செல்ல முயன்ற மக்கள் கூட்டமும் காவல் துறையும் மோதிக்கொண்ட பாலமும் இதுவே. மேற்கே ஜெசீரா தீவில் 187 மீட்டர் உயரமுள்ள கெய்ரோ கோபுரம் தாமரைத் தண்டைப் போன்ற வேலைப்பாட்டுடன் நிற்கிறது. அது 1961இல் கட்டி முடிக்கப்பட்டது. சூரியன் மேற்குக் கரையில் உள்ள கீசாவின் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் வேளையில் இவை எல்லாம் நிழலுருவங்களாக மாறுவதைக் காண்பது மனத்துக்கு நிறைவு. ஆனால் அந்த நேரம் வந்தவுடனேயே வண்ண விளக்குகள் சுற்றிக் கட்டிய இயந்திரப் படகுகள் ஒலிபெருக்கியில் பாட்டை முழக்கிக்கொண்டு புறப்படுகின்றன. அவை எழுப்பும் அலையில் பாய்மரப் படகு தாறுமாறாக ஆடுகிறது. அந்தப் படகுகளில் ஆடிப்பாடும் இளைஞர்களின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் மலிவான பொழுதுபோக்கு வேறு இல்லை. ஃபெலுக்காவை நாடி வருபவர் எதைத் தேடி வருகிறாரோ அது அங்கே பாதிதான் கிடைக்கும் என்பதையே சொல்கிறேன். உயர்ந்த பருமல் கொண்ட இந்தப் படகுகள் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாததால், மையப் பகுதியில் சுற்றிவரும் எல்லையும் சிறியது.

மஆதியில் ஏறுவதே மேல் என்பது என் உறுதியான பரிந்துரை. நகர மையத்துக்குத் தெற்கே, மெட்ரோவில் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய இந்தப் பகுதியில் ஆறு அகன்று கிடக்கிறது. தாழ்ந்த பாலங்கள் அருகில் இல்லை. இரைச்சலும் வெகுவாகக் குறைவு. எதிர்ப்புறத்தில் விடுதிகளுக்குப் பதிலாகப் பேரீச்ச மரங்களும் வயல்களும் தெரியும். அங்கே தஹப் என்ற தீவு இருக்கிறது. இரண்டு கோடி மக்கள் நெருங்கி வாழும் பெருநகரப் பரப்பின் நடுவே இன்னும் உழவு நடக்கும் மண் அது. தீவின் மேல் ஆகாயத்தில் சுற்றுச்சாலையின் பெரும்பாலம் போகிறது, பாலத்தில் சரக்கு வண்டிகள் ஓடுகின்றன, கீழே ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். கரையோர நாணலில் வெண்கொக்குகள் அமர்ந்திருக்கின்றன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து எழுகிறது. படகு மெதுவாகப் போவதால் மட்டுமே இவை காணக் கிடைக்கின்றன.

இங்கே மீனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொழுது சாயும் வேளையில் சிறிய துடுப்புப் படகுகளில் கணவனும் மனைவியுமாக, சில சமயம் குழந்தைகளோடும், வலை விரிக்க வருகிறார்கள். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலையை வளைத்து இறக்குகிறார். பிறகு நீண்ட கோலால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்து மீன்களை வலையை நோக்கி விரட்டுகிறார்கள். அந்த அடியின் ஓசை ஆற்றின் மேல் வெகுதூரம் கேட்கிறது. படகே வீடாக வாழும் குடும்பங்களும் இவர்களில் உண்டு. வலையில் மீனோடு சேர்ந்து பிளாஸ்டிக் புட்டிகளும் பைகளும் வருகின்றன என்பது வருத்தமான உண்மை. கீசாவை ஒட்டிய குர்சாயா தீவில் இயங்கும் வெரி நைல் என்ற முயற்சி, மீனவர்கள் ஆற்றிலிருந்து எடுத்துவரும் பிளாஸ்டிக்கை எடை போட்டு விலைக்கு வாங்குகிறது. மீன் குறைந்துபோன காலத்தில் இது அவர்களுக்கு ஒரு வருமானம், ஆற்றுக்கும் நன்மை. ஆயினும் படகுத் துறைகளைச் சுற்றி ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து மிதப்பதைப் பார்க்கும்போது, பயணிகளிடம் பணம் வாங்கும் துறைக்காரர்கள் தங்கள் இடத்தையாவது நாள்தோறும் துப்புரவு செய்யலாமே என்று தோன்றுகிறது. நடு ஆற்றில் தண்ணீர் தெளிவாகவே ஓடுகிறது. அழுக்கு முழுவதும் மனிதர் ஏறி இறங்கும் கரையில்தான்.

ஃபெலுக்காவில் ஏறுவதற்கு முன், அதே நாளின் பிற்பகலில், நகரத்துக்குள் நைலில் இருக்கும் ரோடா தீவின் தென்முனையில், ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கக் கட்டப்பட்ட நைல் அளவுக் கிணற்றைப் பார்த்துவிட்டு வருவது பயணத்தின் மதிப்பைப் பல மடங்கு உயர்த்தும். கிணற்றைப் பாராமல் படகில் ஏறுபவருக்கு நைல் ஓர் அழகிய நீர்ப்பரப்பு. பார்த்தவருக்கு அதே நீர்ப்பரப்பு ஒரு நாட்டின் வரவு செலவுக் கணக்காகத் தெரியும். அப்பாசியக் கலீஃபா அல்-முத்தவக்கிலின் ஆணையால் 861இல் கட்டப்பட்ட இந்தக் கிணறு, நகரத்தின் மிகப் பழைய இஸ்லாமியக் கட்டுமானங்களில் ஒன்று. சதுரமான ஆழ்குழியின் நடுவே எண்பட்டை கொண்ட பளிங்குத் தூண் ஒன்று நிற்கிறது. தூணில் முழக்கணக்கில் கோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. வெவ்வேறு மட்டங்களில் அமைந்த 3 சுரங்க வழிகள் ஆற்று நீரை உள்ளே கொண்டுவந்தன. ஆறு ஏற ஏறக் கிணற்றிலும் நீர் ஏறும். அலையடிப்பு இல்லாததால் துல்லியமாக அளக்கலாம். நீர் 16 முழத்தை எட்டினால் அந்த ஆண்டு விளைச்சல் உறுதி, வரியும் உறுதி. எட்டாவிட்டால் பஞ்சம். அளவு மீறி ஏறினால் ஊர்கள் மூழ்கும். 16 முழம் எட்டிய செய்தி வந்ததும் நகரத்தின் குறுக்கே சென்ற கலீஜ் கால்வாயின் மண்கரையைப் பெருவிழா எடுத்து வெட்டித் திறந்தார்கள். அந்தக் கால்வாய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூர்க்கப்பட்டுத் தெருவாகிவிட்டது. இன்று போர்ட் சயீத் தெருவில் நடப்பவர்கள் அந்த வாய்க்காலின் மேல்தான் நடக்கிறார்கள்.

கிணற்றின் சுவர்களில் ஓடும் கூஃபி என்னும் பழைய அரபு எழுத்துகளில் மழை, நீர், பயிர் பற்றிய குர்ஆன் வசனங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நீர்வழிகளின் மேல் உள்ள கூர்நுனி வளைவுகள், ஐரோப்பியத் தேவாலயங்களில் அவ்வகை வளைவுகள் பரவுவதற்குப் பல தலைமுறைகள் முன்பே கட்டப்பட்டவை. மேலே உள்ள கூம்பு வடிவக் கூரை பிற்காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது; அதன் உட்புற ஓவிய வேலைப்பாடு கண்ணைக் கவர்ந்தாலும், நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது தூணைத்தான். சுரங்க வழிகள் இன்று அடைக்கப்பட்டுவிட்டதால் குழி வறண்டு கிடக்கிறது. செங்குத்தான படிகள் கீழே இறங்குகின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே நின்று பார்ப்பதே போதும். நுழைவுச் சீட்டுக்கான செலவு சிறியது, கூட்டமும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதே வளாகத்தில் மனாஸ்தெர்லி மாளிகையும், பாடகி உம்மு குல்தும் நினைவு அருங்காட்சியகமும் உள்ளன. இசையில் நாட்டமுள்ளவர்கள் அருங்காட்சியகத்துக்கும் சிறிது நேரம் வைத்துக்கொள்ளலாம்.

அளவுக் கிணறு தன் வேலையை இழந்ததற்குக் காரணம் அஸ்வான் உயர் அணை. 1960இல் தொடங்கி 1970இல் முடிந்த அந்த அணை, எத்தியோப்பிய மேட்டுநிலத்து மழை நீல நைலில் இறங்கிக் கோடையின் இறுதியில் எகிப்தை மூழ்கடித்த பெருக்கைத் தடுத்து நிறுத்தியது. அதன் பிறகு கெய்ரோவில் ஆறு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடுகிறது. ஜனவரி வாக்கில் பாசனக் கால்வாய்களைச் செப்பனிடுவதற்காக நீரைக் குறைக்கும்போது மட்டும் கரையில் கொஞ்சம் சேறு தெரியும். படகுத் துறைகளும் மிதக்கும் உணவகங்களும் கரையில் அசையாமல் நிற்க முடிவது ஆறு இவ்வாறு அடங்கிப்போனதால்தான். அதற்கு முன்பே ஆறு பலமுறை இடம் மாறியிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் அம்ர் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது நைல் அதன் அருகிலேயே ஓடியது. பின்னர் நூற்றாண்டுகள் தோறும் மேற்கே விலகி, விட்டுச்சென்ற சேற்று நிலத்தில்தான் இன்றைய நகர மையம் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் கரைகள் கட்டி உறுதிப்படுத்தப்படும் வரை, இன்று பெரிய விடுதிகள் நிற்கும் இடமெல்லாம் வெள்ளம் வந்துபோகும் நிலம். படகில் சாய்ந்தபடி கிழக்குக் கரையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால், அசையாத கட்டடங்களைவிட ஓடும் ஆற்றுக்கே அந்த இடத்தில் மூத்த உரிமை உண்டு என்பது விளங்கும்.

இனிக் குறைகள். முதற்குறை விலை. ஃபெலுக்காவுக்குப் பொதுவாக மணிக்கணக்கில், முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் வாடகை. ஆளுக்கு இவ்வளவு என்பது வழக்கமன்று. ஆனால் வெளிநாட்டவர் முகத்தைக் கண்டதும் ஆள் கணக்கில் கேட்பவர்கள் உண்டு. துறையில் விலைப்பட்டியல் எழுதி வைப்பதில்லை. எகிப்தியப் பவுண்டின் மதிப்பு கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் சரிந்துவிட்டதால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகைகளை நம்பிப் பயனில்லை. எனவே உங்கள் விடுதியில் வேலை செய்பவரிடமோ கெய்ரோவில் வசிப்பவரிடமோ அன்றைய நடைமுறை வாடகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது. முழுப் படகுக்கும் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்தப் பணத்தில் என்ற மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். இறங்கும்போது ரய்யிஸுக்கும் உதவியாளருக்கும் தனியாக அன்பளிப்புக் கொடுப்பது வழக்கம். அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை, ஏனெனில் படகு பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை. வாடகையில் அவர்கள் கைக்கு வருவது சிறு பங்குதான்.

இரண்டாவது, நேரம். ஒரு துறையில் ஒரு மணி நேரத்துக்குப் பேசி ஏறியபோது, முக்கால் மணி நேரத்திலேயே படகைத் துறைக்குத் திருப்பிவிட்டார்கள். கேட்டதற்குப் பாயை ஏற்றிய நேரமும் கட்டிய நேரமும் கணக்கில் சேரும் என்றார்கள். அடுத்த குழு கரையில் காத்து நின்றதே உண்மைக் காரணம். சூரியன் மறையும் வேளையில் எல்லாத் துறைகளிலும் இந்த நெருக்கடி இருக்கிறது. ஒரு மணி நேரம் போதவும் போதாது. படகு தெற்கே ஏறி, காற்றின் போக்கு மனத்தில் பதிவதற்குள் திரும்ப வேண்டியதாகிவிடும். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டு, சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே புறப்படுவது சரியான ஏற்பாடு. அப்படிப் போனால் வெயில் தணிவதும், வானம் நிறம் மாறுவதும், இரு கரைகளின் பள்ளிவாசல்களிலிருந்தும் மக்ரிப் தொழுகைக்கான அழைப்பு ஒன்றன்பின் ஒன்றாக எழுவதும் எல்லாம் ஆற்றின் மேலேயே நிகழும்.

மூன்றாவது குறையை நான் மிகவும் கண்டிப்போடு சொல்ல விரும்புகிறேன். பல படகுகளில் மிதவைச் சட்டைகள் கண்ணில் படுவதே இல்லை. கேட்டால் இருக்கைக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஒன்றிரண்டை எடுத்துக் காட்டுகிறார்கள், குழந்தைகளுக்கான அளவில் பெரும்பாலும் இல்லை. பாய்மரப் படகு மெதுவானது, அகலமானது, எளிதில் கவிழாதது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் பக்கத்தில் விரைந்து செல்லும் இயந்திரப் படகுகள் எழுப்பும் அலையில் விளிம்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் இருக்க முடியாது. குழந்தைகளோடு செல்பவர்கள் சட்டைகளைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். இல்லையென்றால் அடுத்த படகுக்குப் போய்விட வேண்டும். ஏறும் இடத்தில் போடப்படும் பலகையும் ஒடுக்கமானது, கைப்பிடி கிடையாது. முதியவர்களை ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நின்று பிடித்து ஏற்ற வேண்டியிருக்கும். படகோட்டிகள் இதில் மிகுந்த பரிவோடு உதவுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். படகில் கழிப்பறை இல்லை.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைக் குறை என்று சொல்வதா என்று தெரியவில்லை. சில மாலைகளில் காற்று நின்றுவிடும். பாய் தளர்ந்து தொங்க, படகு நீரோட்டத்தில் மெல்ல வடக்கே நழுவும். அப்போது ரய்யிஸும் உதவியாளரும் கனத்த துடுப்புகளை எடுத்து வலிப்பார்கள், அல்லது தெரிந்த இயந்திரப் படகு ஒன்றை அழைத்துக் கயிறு கட்டி இழுக்கச் சொல்வார்கள். திரும்பும் நேரம் தள்ளிப்போகும். இரவில் விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டிய நாளில் ஃபெலுக்கா ஏறக் கூடாது.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். இரவு உணவுக் கப்பல்கள் பல ஓடுகின்றன. குளிரூட்டிய கூடம், பந்தி உணவு, இசை, சுழன்றாடும் தன்னூரா நடனம் எல்லாம் உண்டு. நடனம் நன்றாகவே இருக்கும். ஆனால் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே இருட்டில் ஆறு இருப்பதே மறந்துபோகும்; கொடுக்கும் பணம் விருந்துக்கும் ஆட்டத்துக்கும்தான். ஆற்றைப் பார்க்க விரும்புபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வானொலி தொலைக்காட்சிக் கட்டடத்துக்கு எதிரே, மஸ்பெரோ துறையிலிருந்து ஓடும் பொது நீர்ப்பேருந்து வேறு வகை. மிகக் குறைந்த கட்டணத்தில் உள்ளூர் மக்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகலாம். நீரிலிருந்து நகரத்தின் பாலங்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும். விடுமுறை நாட்களில் அங்கிருந்து வடக்கே அல்-கனாதிர் வரை படகுகள் போகின்றன. நைல் ரஷீத், தமியாத் என்று இரு கிளைகளாகப் பிரியும் அந்த இடத்தில், எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா தொடங்கி 1861இல் முடிந்த பழைய கதவணை நிற்கிறது. அதைக் கட்டப் பிரமிடுகளின் கற்களைப் பெயர்க்கலாம் என்ற யோசனைகூட எழுந்து, நல்லவேளையாகக் கைவிடப்பட்டது. அணையின் அடித்தளம் வலுவின்றி நீரின் முழு அழுத்தத்தைத் தாங்காமல் போக, 1880களின் பிற்பகுதியில்தான் அது செப்பனிடப்பட்டது. அந்தப் படகுகளில் பாட்டும் ஆட்டமும் காது கிழியும் அளவுக்கு இருக்கும். மக்களின் கொண்டாட்டத்தைப் பார்க்க விரும்புபவர்கள் தாராளமாகப் போகலாம், அமைதி வேண்டுபவர்கள் தவிர்க்கலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை ஃபெலுக்காவுக்கு ஏற்ற காலம். வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து வீசும் கம்சீன் காற்று புழுதியை வாரி இறைக்கும் நாட்களில் ஆற்றில் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் நல்ல ரய்யிஸே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். குளிர்காலத்தில் சூரியன் மறைந்த உடனே வாடைக்காற்று உறைக்கும் என்பதால் போர்வையோ கம்பளிச் சட்டையோ கட்டாயம் வேண்டும். உணவும் பானமும் நீங்களே கொண்டுபோகலாம், அதற்குத் தனிக்கட்டணம் கேட்பதில்லை. சில படகுகளில் ரய்யிஸ் தேநீர் போட்டுத் தருவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூட்டம் அதிகம். வார நடுவில் போனால் பேரமும் எளிது, நேரமும் முழுதாகக் கிடைக்கும். வாடகையை இறங்கிய பிறகே கொடுங்கள், அதற்கேற்ற சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். துறையில் பெரிய நோட்டுக்கு மீதி கிடைப்பது அரிது.